பிள்ளை வண்டியின் பூட்டும் வியாபாரியின் பொறுப்பும்

அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர், கடையில் கூட்டமில்லாத ஒரு நேரம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் மடித்த தள்ளுவண்டியை இழுத்தபடி ஒரு சகோதரி உள்ளே வந்தார். மூன்று மாதங்களுக்கு முன்னர் எம்மிடம் வாங்கிய வண்டி அது. புதுக்கடை நீதிமன்றப் பக்கமிருந்து இறங்கி வரும்போது, நடைபாதை முடிந்து வீதிக்கு இறங்குகின்ற இடத்தில் முன்சக்கரம் குத்தியிருக்கிறது. அந்த ஒரு அதிர்ச்சியில் வண்டி தானாகவே மடியத் தொடங்கிவிட்டது.

"நானா, புள்ளய வெச்சித் தள்ளிட்டு வரச்சொல்ல மடிஞ்சிட்டு. நான் புடிச்சிட்டு இல்லாட்டி என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். பிள்ளையின் வலது கை நடுவிரலில் நகம் கறுத்துப் போயிருந்தது.

எனது பில் புத்தகத்தின் அடியில், ஊரில் எல்லாக் கடைகளிலும் இருப்பது போலவே, "விற்பனை செய்யப்பட்ட பொருட்கள் மீளப்பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தேன். அந்த வரியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பும் துணிவு எனக்கு வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று இரவு கடையைப் பூட்டியதும் மேல்மாடியிலிருந்த அதே கொள்கலனில் வந்த 18 வண்டிகளையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து, கடை வாசற்படியிலிருந்து வீதிக்கு இறக்கிப் பார்த்தேன். ஐந்து வண்டிகள் மடிந்தன.

இந்த ஐந்து வண்டிகளையும் பற்றித்தான் எழுத நினைக்கின்றேன். புறக்கோட்டையிலும் புதுக்கடையிலும் பிள்ளைகளின் சாமான்களை இறக்குமதி செய்கின்ற நம்மவர்கள் எத்தனையோ பேர். வண்டி வாங்கும்போது எதைப் பார்க்கின்றோம்? துணியின் நிறம், கூரை, பால் போத்தல் வைக்கும் பை, பெட்டியின் மேலுள்ள படம், பின்னர் விலை. மடிகின்ற வண்டி ஒன்றில் உண்மையாகவே நாம் விற்பது அதன் பூட்டைத்தான். மற்றதெல்லாம் பூட்டுக்கு மேல் போர்த்திய துணி. இதை நான் இருபது வருட வியாபாரத்திற்குப் பிறகு விளங்கிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வண்டி எப்படி வந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். இன்று நாம் 'குடை வண்டி' என்று சொல்கின்ற, குடை போல ஒடுங்கி நீளமாக மடிகின்ற வகையைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். விமானப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பறந்த ஸ்பிட்பயர் விமானத்தின் தரையிறங்கும் கால்களை வடிவமைத்ததில் பங்கு கொண்டவர். பாரமான பழைய காலத்துத் தள்ளுவண்டியோடு விமானத்தில் வந்த தனது மகள் படும் அவதியைக் கண்டு, ஓய்வு பெற்ற வயதில் அலுமினியக் குழாய்களை வைத்து ஒன்றைச் செய்தார். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல், இங்கிலாந்தின் பார்பி என்ற கிராமத்தில் குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில் உற்பத்தி தொடங்கியது. முதல் வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

விமானத்தின் கால் பறக்கும்போது உள்ளே மடிய வேண்டும். தரையிறங்கும்போது, டொன் கணக்கான பாரம் விழுந்தாலும் மடியவே கூடாது. பிள்ளை வண்டிக்கும் இதே இரண்டு கட்டளைகள்தாம். மடிப்பதை யாரும் செய்து விடலாம். மடியாமல் நிறுத்துவதுதான் கஷ்டம்.

அது எப்படி நிற்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் ஒருமுறையாவது குனிந்து பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கம், கீழே, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அது ஒரே துண்டல்ல. நடுவில் பிணைச்சல் போட்ட இரண்டு துண்டு. வண்டியை விரித்ததும் அதைக் காலால் கீழே மிதிக்கிறோம். மிதிக்கும்போது இரண்டு துண்டும் நேர்கோட்டுக்கு வந்து, அந்த நேர்கோட்டையும் தாண்டிச் சற்றுக் கீழே போய் நிற்கும். அந்தச் 'சற்று'தான் விஷயம். அதன் பின்னர் பிள்ளையின் பாரம் அந்தச் சட்டத்தை மேலே தூக்காமல் இன்னும் கீழே அழுத்துகிறது. பாரம் கூடக் கூடப் பூட்டு இறுகும். கல்யாண வீடுகளில் விரிக்கின்ற மடிப்பு மேசைக்குக் கீழே காலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தட்டி விடுகிறோமே, அதே வேலைதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டிற்கு ஒரு பலவீனம் உண்டு. ரிவெட் தேய்ந்து ஓட்டைகள் பெருத்தால், அல்லது தொடக்கத்திலேயே அளவு சரியில்லாமல் செய்திருந்தால், சட்டம் நேர்கோட்டைத் தாண்டாது. கோட்டிலேயே நிற்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். ஒரு குழியில் சக்கரம் விழுந்தால் போதும், மேலே எம்பி மடிந்துவிடும். இதற்காகத்தான் இரண்டாவது பூட்டு ஒன்று தேவைப்படுகிறது. பக்கத்துக் குழாயில் ஸ்ப்ரிங்கோடு கூடிய ஒரு கொளுக்கி. முதலாவது பூட்டு தவறினாலும் அது பிடித்துக்கொள்ளும். வண்டியை மடிக்க வேண்டுமென்றால் இரண்டு தனித்தனிச் செயல்களைச் செய்ய வேண்டும், தற்செயலாக ஒன்று நடந்தால் மடியக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். ஐரோப்பாவில் இந்த வண்டிகளுக்கென்றே உள்ள ஈ.என். 1888 என்ற தரநிலை பூட்டு விடயத்தில் இப்படித்தான் யோசிக்கின்றது.

என்னிடம் மடிந்த ஐந்து வண்டிகளிலும் இரண்டாவது கொளுக்கி இருக்கத்தான் செய்தது. அது பிளாஸ்டிக். அதன் நுனி மழுங்கி உருண்டிருந்தது. ஸ்ப்ரிங் எனது சுண்டு விரலுக்கே இடம் கொடுத்தது. அனுப்பிய வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் கோபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "நீங்கள் கேட்ட விலைக்கு இதுதான் வரும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய நாட்களில், பழைய விலைக்கே வண்டி வேண்டும் என்று அவரைப் பிடித்து நெரித்தது நான்தான். விலையைக் குறைக்கச் சொன்னேன், எதைக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குறைத்தார். எந்த உற்பத்தியாளரும் அங்கேதான் குறைப்பார்.

இரும்புக் கொளுக்கியும் நல்ல ஸ்ப்ரிங்கும் போட்டால் எவ்வளவு கூடும் என்று பின்னர் கேட்டேன். வண்டி ஒன்றுக்கு அவர் சொன்ன தொகை, கடைக்கு நான் எடுப்பிக்கும் ஒரு பிளேட் பிரியாணியின் விலையை விடக் குறைவு.

விலை உயர்ந்த வண்டி வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்லக் கூடும். அப்படியல்ல. 2009 நவம்பரில் மெக்லாரனின் பெயரைத் தாங்கிய கம்பனியே அமெரிக்காவில் விற்ற ஏறக்குறைய பத்து இலட்சம் வண்டிகளுக்காகப் பகிரங்க அறிவித்தல் கொடுக்க நேர்ந்தது. வண்டியை விரிக்கும்போது பக்கத்துப் பிணைச்சலுக்குள் பிள்ளை விரலை வைத்துவிட, கத்தரிக்கோல் போல அது மூடிக்கொள்கிறது. 15 முறைப்பாடுகளில் 12 பிள்ளைகளின் விரல் நுனி துண்டிக்கப்பட்டிருந்தது. 100 டொலருக்கு மேல், சில 360 டொலர் வரை விற்ற வண்டிகள் அவை. அதற்கான பரிகாரம் என்ன தெரியுமா? பிணைச்சலின் மேல் மாட்டுகின்ற ஒரு சிறிய துணி உறை. பத்து வருடங்களாக விற்ற வண்டிக்கு அந்த உறை அப்போதுதான் வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் கிராகோ என்ற இன்னொரு பெரிய கம்பனி, கூரையின் பிணைச்சலில் இதே ஆபத்துக்காகப் பதினைந்து இலட்சம் வண்டிகளுக்கு அறிவித்தல் கொடுத்தது. 2014இல் மீண்டும் அதே கம்பனி, இம்முறை பக்கத்துப் பிணைச்சலுக்காக, நாற்பத்தேழு இலட்சம் வண்டிகளுக்கு.

விரலைப் பற்றிச் சொன்னேன். உயிரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1998 மே மாதம் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், பிள்ளை பராமரிப்பவரின் வீட்டில் பகல் தூக்கத்திற்காக ஒரு மடிப்புத் தொட்டிலில் கிடத்தப்பட்ட டேனி கீசர் என்ற குழந்தை மரணித்தது. ஒன்றரை வயது கூட ஆகவில்லை. தொட்டிலின் மேல் சட்டத்தின் பூட்டு விட்டு, இரண்டு பக்கமும் நடுவில் ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒடுங்கியதில் கழுத்து அகப்பட்டது. அதே வகைத் தொட்டிலில் மரணித்த ஐந்தாவது குழந்தை அது. கொடுமை என்னவென்றால், அந்தத் தொட்டிலை விற்கக் கூடாது என்று 1993இலேயே மீளப்பெறும் அறிவித்தல் வெளியாகியிருந்தது. ஐந்து வருடங்களாக அந்தச் செய்தி பராமரிப்பவரின் வீட்டு வாசலை எட்டவில்லை. டேனியின் பெற்றோர் விடவில்லை. பத்து வருடங்கள் போராடியதன் பின்னர், 2008 ஓகஸ்டில் அமெரிக்காவில் நிறைவேறிய நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு அந்தப் பிள்ளையின் பெயரே வைக்கப்பட்டது. பிள்ளைகளின் தொட்டில், வண்டி, கதிரை போன்றவற்றிற்குக் கட்டாயத் தரநிலையும், வாங்கியவரின் முகவரியைப் பதிந்து கொள்ளும் அட்டையும் அதனால் வந்தவைதாம்.

முகவரி அட்டை என்றதும் எனக்கு எனது 18 வண்டிகள் ஞாபகத்திற்கு வந்தன. அந்தக் கொள்கலனில் வந்த மற்ற வண்டிகள் எங்கே? விற்றாயிற்று. யாருக்கு? தெரியாது. பில்லில் தொகை இருக்கிறது, பெயரில்லை. மாளிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யார் யாரோ வீட்டுப் பிள்ளைகள் அந்த வண்டிகளில் இருக்கின்றன. இதை எழுதுவதற்கு முதற்காரணம் அதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்கின்றேன்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் வெளிப்படுத்திய சம்பவத்தை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். நிறுவையில் கள்ளம் செய்யாதவர், வட்டியைத் தொடாதவர், ஸகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் 'ஐபு' என்பதை நாம் பழைய காலத்துப் பொருட்களோடு நிறுத்திக் கொண்டோம். அரிசியில் கல், துணியில் கிழிசல், மாட்டில் நோய் என்றால் விளங்குகிறது. பிணைச்சலில் தேய்வு, ஸ்ப்ரிங்கில் தளர்வு என்றால் அது கம்பனிக்காரனின் பாடு என்று நினைக்கிறோம். குவியலின் அடியில் இருந்த ஈரமும் மழையின் பாடுதானே.

நாட்டுச் சட்டமும் நம்மை விட்டுவிடவில்லை. நீதிமன்றத்திற்கு இவ்வளவு அருகில் கடை வைத்திருந்தும் நான் இதைத் தாமதமாகவே அறிந்தேன். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கும் பொருள் அதன் நோக்கத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைப் பல சந்தர்ப்பங்களில் விற்பவரின் மேல் சுமத்துகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது. பில்லின் அடியிலுள்ள ஒரு வரி இவையெல்லாவற்றையும் அழித்துவிடும் என்று நினைப்பது நமது ஆசை மட்டுமே. அந்த வரியை எனது புதிய பில் புத்தகத்தில் அச்சடிக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பெயருக்கும் தொலைபேசி இலக்கத்திற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். ஆய்வுகூடம் இல்லாமலே ஒரு வியாபாரி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மாதிரி வண்டி வந்தவுடன் விரித்துப் பூட்டும் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு பூட்டுக்கு இரண்டு சத்தம் வர வேண்டும். குறுக்குச் சட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள், நேர்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று. பதினைந்து கிலோ அரிசியை வைத்து ஓரக்கல்லிலிருந்து இருபது முப்பது தடவை இறக்குங்கள். புதிய வண்டியை ஐம்பது தடவை விரித்து மடித்த பின்னர் மீண்டும் இறக்கிப் பாருங்கள், ஏனென்றால் கடையில் நல்லது வீட்டில் மூன்று மாதத்தில் தேய்கிறது. விரலுக்கு ஒரு பென்சில் போதும். பிள்ளையின் விரல் நுழைந்து வெளியே வர முடியாத இடைவெளிதான் ஆபத்தானது. அமெரிக்கத் தரநிலை ஏறக்குறைய 5 மில்லிமீற்றருக்கும் 10 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட இடைவெளியைத்தான் பயப்படுகிறது. சாதாரணப் பென்சில் அதற்கு நடுவில் வரும். மடிக்கும்போது பென்சிலை நசுக்குகின்ற இடமெல்லாம் விரலையும் நசுக்கும். உறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாமே தைத்துப் போடலாம். எங்கள் வீட்டில் தைத்ததையே நான் முதலில் மாட்டினேன்.

வாங்குகின்ற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை ஒரு எட்டுத் தள்ளி இருக்கட்டும். விரல் போன சம்பவங்கள் அந்த வேளையில் நடந்தவை.

ஏழைத் தாய்க்கு மலிவான வண்டிதானே தேவை, தரம் தரம் என்று சொல்லி அதையும் இல்லாமல் செய்துவிடாதீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் மாடித் தொடர்மாடி வீட்டிலிருந்து ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வண்டியுமாக இறங்கி, ஓட்டோவில் ஏறிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகின்ற பெண்ணுக்கு வண்டி ஆடம்பரமல்ல. அவர் வாங்கக்கூடிய விலையில்தான் அது இருக்க வேண்டும். நான் கேட்பது அந்த விலைக்குள் எதைக் குறைப்பது என்பதைத்தான். பால் போத்தல் பை வேண்டாம், இரண்டாவது நிறம் வேண்டாம், பெட்டியில் படம் வேண்டாம். பூட்டு இரும்பில் இருக்கட்டும்.

மடிந்த ஐந்து வண்டிகளையும் பழைய சோனகத் தெருப் பக்கத்தில் லேத் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டு போனேன். பிளாஸ்டிக் கொளுக்கியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் ஐந்துக்கும் இரும்பில் வெட்டித் தந்தார், ரிவெட்டுகளையும் மாற்றினார். பிறகு, "ஹாஜியார், இதில என்ன பெரிய வேல இருக்கு? முழு வண்டியையே இங்க செஞ்சா என்ன?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்து கொண்டிருக்கிறேன். மெக்லாரனின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் காப்புரிமைக்கு ஆயுள் 20 வருடங்கள்தாம். குடை மடிப்பை யாரும் செய்யலாம். சீனாவில் குன்ஷான் நகருக்கு அருகில் கடனில் மூழ்கிய ஒரு பாடசாலைத் தொழிற்கூடத்தைப் பொறுப்பேற்ற சோங் செங்ஹுவான் என்ற ஆசிரியர், 1989இல் இப்படி ஒரு பிள்ளை வண்டியோடுதான் தொடங்கினார். அதுதான் குட்பேபி கம்பனி. 2014இல் அமெரிக்காவின் ஈவன்புலோவையும் ஜேர்மனியின் சைபெக்ஸையும் விலைக்கு வாங்குமளவுக்கு வளர்ந்தது. கைப்பைக்குள் அடங்குமளவுக்கு மடிகின்ற வண்டியைச் செய்து கின்னஸில் இடம் பிடித்ததும் அவர்கள்தாம்.

ஆனாலும் நாளையே தொழிற்சாலை திறக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. இப்படி உணர்ச்சியில் தொடங்கி மூடிய தொழிற்சாலைகளை நிறையக் கண்டிருக்கிறோம். நூறு வண்டி செய்வது லேத்காரரால் முடியும். நூறாவது வண்டியின் ஓட்டை முதலாவது வண்டியின் ஓட்டையோடு அரை மில்லிமீற்றர் கூட வேறுபடாமல் செய்வதற்கு வேறு ஒழுங்கு வேண்டும், பூட்டு தங்கியிருப்பதும் அந்த அரை மில்லிமீற்றரில்தான். முதலில் உதிரிப்பாகத்தில் தொடங்கலாம். கொளுக்கி, ஸ்ப்ரிங், ரிவெட், பிணைச்சல் உறை. டாம் வீதியில் சைக்கிளுக்கும் பஞ்சிகாவத்தையில் வாகனத்திற்கும் உதிரிப்பாகம் தேடிப் போகிறோம். பிள்ளை வண்டியின் பூட்டு உடைந்தால் கயிற்றால் கட்டுகிறோம். கட்டிய வண்டி அடுத்த பிள்ளைக்கும், பிறகு தங்கச்சியின் பிள்ளைக்கும் போகிறது. இரண்டு இளைஞர்கள் ஒரு சிறிய அறையோடு பழுது பார்க்கும் கடை ஒன்றை நடத்தினால், ஒரு வருடத்தில் எந்தப் பூட்டு எங்கே உடைகிறது என்பது முழுக் கொழும்பிலும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதன் பிறகு ஓட்டோ ஆசனத்திற்குப் பின்னால் நிற்கக்கூடிய, ஒரு கையால் மடிகின்ற, நமது ஓரக்கல்லைத் தாங்குகின்ற வண்டியை வரைய அவர்கள் வெளிநாட்டுப் படத்தைப் பார்க்க வேண்டியிராது.

இதற்கிடையில் இறக்குமதியாளர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, மாதிரி வண்டிகளைப் பரிசோதிக்க ஒரு பொது இடத்தை வைத்துக்கொள்வதற்கு என்ன தடை? அரிசி மூட்டையும் ஒரு மரப்படியும்தான் செலவு. போட்டிக்காரன் என் மாதிரியைப் பார்த்துவிடுவான் என்ற பயம்தான் நம்மைத் தடுக்கிறது. எல்லோருக்கும் ஒரே ஊரிலிருந்துதான் வருகிறது என்பதை எல்லோரும் அறிவோம்.

இரும்புக் கொளுக்கி போட்ட வண்டிகளில் ஒன்றை அந்தச் சகோதரியின் வீட்டிற்கு அனுப்பி வைத்தேன். பணம் வாங்கவில்லை. அவர் அதை வாசலில் விரித்து, பிள்ளையை இருத்துவதற்கு முன்னர் இரண்டு கையாலும் மூன்று தடவை அழுத்திப் பார்த்தாராம். கொண்டு போன பையன் வந்து சொன்னான். மற்ற நான்கும் இன்னும் மேல்மாடியில் இருக்கின்றன. அந்தக் கொள்கலனில் வந்த வண்டி, அதாவது கறுப்புக் குழாயும் சாம்பல் நிறத் துணியும், வலது பக்கக் குழாயில் வெள்ளைப் பிளாஸ்டிக் கொளுக்கியும் உள்ள வண்டி, யாருடைய வீட்டிலாவது இருந்தால், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்குக் கொண்டு வாருங்கள். கொளுக்கி மாற்ற ஒரு மணித்தியாலம் போதும்.